படைவீரன் கும்பிடும்போது

“உள்ள போயிருக்கலாம்ல அந்தப் பையன், ரெண்டே அடிதானே” என்றார் மாமா. ரஞ்சன்குடிக் கோட்டையின் மேல்தளத்தில், மதில் நிழலில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “போயே ஆகணும்னு அடம் புடிச்சதும் தப்புதான்” என்றார். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பையன் என்று அவர் சொன்னது லெப்டினன்ட் சாமுவேல் கமலேசனை. 2017இல் 3ஆவது கேவல்ரி ரெஜிமென்டில் அதிகாரியாகச் சேர்ந்தவர். கிறிஸ்தவர். சீக்கிய வீரர்கள் இருந்த ஸ்குவாட்ரனில் ட்ரூப் லீடர். வாராவாரம் நடக்கும் மத அணிவகுப்புக்குத் தன் ஆட்களோடு போனார், முற்றத்தில் மரியாதையாக நின்றார். கருவறைக்குள் வந்து பூஜையில் பங்கெடுக்க மட்டும் என் விசுவாசம் இடம் கொடுக்காது என்றார். 2021 மார்ச்சில் வேலை போனது. 2025 மே 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், இது மதச் சுதந்திரம் பற்றிய கேள்வியே அல்ல, மேலதிகாரியின் சட்டப்படியான உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தாரா என்பதுதான் கேள்வி என்று சொல்லி அவர் மனுவைத் தள்ளியது. நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது.

செய்தி வந்த அன்று என் டைம்லைனில் இரண்டு கட்சிகள். ஒரு கட்சிக்கு இது ராணுவ ஒழுக்கத்தின் வெற்றி. இன்னொரு கட்சிக்குச் சிறுபான்மையினர் மீதான அடக்குமுறை. இரண்டாவது கட்சியின் பக்கம்தான் நானும் ஒரு பதிவு போட்டேன், லைக்கும் வாங்கினேன். அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வந்தபோது மாமாவிடம் அதைக் காட்டினேன். மாமா மெட்ராஸ் ரெஜிமென்டில் 24 வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுதாகப் படித்தார். “எல்லாம் சரி மாப்ள, அந்த ட்ரூப்ல இருந்த முப்பது நாப்பது பேரப் பத்தி ஒரு வரி இல்லியே” என்றார்.

உண்மைதான். என் பதிவில் மட்டுமில்லை, நான் படித்த எதிலும் அந்தச் சிப்பாய்கள் இல்லை. அதிகாரி இருந்தார், அரசியலமைப்பு இருந்தது, ‘படையின் ஒற்றுமை’ என்ற சொல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த இடத்துக்குள் போகிற ஜவானுக்கு அங்கே என்ன நடக்கிறது, அவன் எதை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறான் என்று யாரும் கேட்கவில்லை. அதனால்தான் அவரைக் கோட்டைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துக் கேட்டேன். வீட்டில் என்றால் அத்தை டிவி போட்டுவிடுவார்.

*

வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். இந்திய ராணுவத்தில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அதன் ஆட்களின் மதத்தைப் பொறுத்து கோயிலோ குருத்வாராவோ மசூதியோ இருக்கும். பல மதத்தவர் கலந்த யூனிட்களில் ஒரே கூரையின்கீழ் ‘சர்வ தர்ம ஸ்தல்’. அங்கே வேலை பார்ப்பவர் ராணுவத்துக்கு வெளியே இருந்து வந்துபோகும் அர்ச்சகர் கிடையாது. அவரும் சீருடைக்காரர்தான். தர்ம குரு என்பார்கள். பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரியார், லடாக் ஸ்கவுட்ஸுக்காகப் பௌத்த பிக்கு. நேராக நாயப் சுபேதார் பதவியில் எடுக்கிறார்கள். பாதிரியாராக வரவேண்டுமானால் திருச்சபை முறைப்படி குருப்பட்டம் பெற்றிருக்க வேண்டும், உள்ளூர் பிஷப்பின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பயிற்சி புனேயில் உள்ள தேசிய ஒருமைப்பாட்டு நிறுவனத்தில். பூஜையும் தொழுகையும் நடத்துவதோடு இவர்கள் வேலை முடிவதில்லை. ஆஸ்பத்திரியில் கிடப்பவனைப் போய்ப் பார்க்கணும், செத்தவனுக்குச் சடங்கு செய்யணும். புதிதாகச் சேர்ந்தவன் சத்தியம் செய்யும் கசம் பரேடில், அவனவன் வேதப் புத்தகத்தோடு நிற்பதும் இவர்களே.

வாராந்தர வழிபாட்டுக்கு மந்திர் பரேடு என்று பெயர். இந்த ‘பரேடு’ என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. கூப்பிட்டால் வந்தாக வேண்டியது பரேடு. கும்பிடுவது அப்படியா? வருகைப் பதிவேட்டோடு ஒரு பக்தி என்றால் நம்மூர் முற்போக்கு மனசுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. “கட்டாயப்படுத்திக் கும்பிட வச்சா அதுல என்ன மாமா இருக்கு?” என்று கேட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். “காலையில எந்திரிச்சா ராத்திரி படுக்கற வரைக்கும் எவனாவது கத்திக்கிட்டே இருப்பான் மாப்ள. நானும் பின்னாடி கத்துனவன்தான். அந்த ஒரு மணி நேரம் எவனும் கத்த மாட்டான். பூட்ஸக் கழட்டணும், பெல்ட்டக் கழட்டணும். சாக்ஸ் ஓட்டையோட சி.ஓ. சாபும் தரையில உக்காந்திருப்பாரு, நானும் உக்காந்திருப்பேன். சாக்ஸ் நாத்தம் ஊதுவத்தியத் தாண்டி அடிக்கும். பஜனை இந்தியில. பாதி புரியாது. ஆனா அங்க உக்காந்தாதான் அம்மா நெனப்பு வரும். பேரக்ல வராது. பேரக்ல வந்தா அழுதுருவோம்னு வரவிட மாட்டோம்.”

இதில் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதைக் கவனித்தேன். எந்தச் சாமி என்றுகூட அவர் சொல்லவில்லை. பூட்ஸைக் கழற்றியதைச் சொன்னார். பூட்ஸ் இல்லாத சிப்பாய் ஓட முடியாது, சுட முடியாது, யாருக்கும் பயன்பட மாட்டான். ஒரு நிறுவனம் தன் ஆளைப் பயன்படாதவனாக ஒரு மணி நேரம் உட்கார வைக்கிறது. பிரசங்கமும் பஜனையும் நன்றாக இருந்தால் நல்லதுதான். ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது அந்தப் பயன்படாத நேரம் என்றே எனக்குத் தோன்றியது.

இன்னொன்றும் சொன்னார். வேலைக்குத் தேர்வாகிக் கிளம்புவதற்கு முன்னால் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைப் பார்க்கப் போயிருக்கிறார். அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். அவர் ரயில் ஏறவேண்டியது புதன்கிழமை. திங்கள் அன்று காய்ச்சல். செவ்வாய்க்கிழமை போய்ப் பூட்டின கதவுக்கு வெளியே கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். “24 வருஷமும் அந்தப் பூட்டுதான் கண்ணுல நிக்கும். மந்திர்ல உக்காந்து நான் கும்பிட்டதெல்லாம் அந்தப் பூட்டத்தான்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

*

நான் இலக்கியம் படிக்கிறவன். இப்படி ஒரு பேச்சைக் கேட்டதும் இதை நம்முடைய எந்தப் புத்தகத்தில் பார்த்திருக்கிறோம் என்று தேடுவது தொழில் வியாதி. தேடினேன். கிடைத்தது விசித்திரமாக இருந்தது.

போரைப் பற்றி நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. புறத்திணை முழுக்கப் போர்தான். ஆனால் அதில் வீரன் கும்பிடப்படுகிறான். தொல்காப்பியம் நடுகல்லுக்கு வரிசைக்கிரமமாகச் சடங்கு சொல்கிறது. கல்லைப் பார்த்துத் தேர்வது, எடுத்து வருவது, நீரில் இடுவது, நடுவது, படையல் போடுவது, கடைசியில் வாழ்த்துவது. புறநானூற்றில் மயில்பீலி சூட்டிக் கள் படைத்த கற்கள் நிற்கின்றன. கிராமத்து எல்லைச் சாமிகளில் எத்தனை பேர் வாளோடு செத்தவர்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். செத்தவனைச் சாமியாக்குவதில் நம்மை அடிக்க ஆள் இல்லை. சாவதற்கு முந்தைய நாள் ராத்திரி அவன் எதைக் கும்பிட்டான், யாரோடு உட்கார்ந்து கும்பிட்டான் என்பதில் நமக்கு அவ்வளவு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

கலிங்கத்துப்பரணியில் வீரர்கள் வழிபடவே செய்கிறார்கள், இல்லையென்று சொல்ல முடியாது. காளி கோயிலில் தங்கள் தலையைத் தாங்களே அரிந்து வைக்கிறார்கள். ஜெயங்கொண்டாரின் வேகம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் அங்கே வழிபடுகிறவனுக்கு முகம் கிடையாது. தலை இருக்கிறது, அதுவும் தனியாக. ராஜாவின் கவிஞர் ராஜாவின் படையைப் பார்த்து எழுதியது என்பது ஒவ்வொரு தாழிசையிலும் தெரியும். டெல்லி தீர்ப்பைப் படிக்கும்போது எனக்கு அந்த ஞாபகம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. படை ஒன்று, அதன் உணர்வு ஒன்று, அதற்கு வேண்டிய சடங்கு ஒன்று என்று மேலே நின்று பார்க்கிற அதே பார்வை.

ஒரே ஒரு இடம் வேறு மாதிரி இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரி. எயினர்கள் ராஜாவின் படை இல்லை, ஆநிரை கவர்கிறவர்கள். ஆனால் வில்லை எடுத்துச் சாகப் போகிறவர்கள்தான். அவர்கள் ஊரில் சாலினிக்கு அருள் வருகிறது. வில்லெல்லாம் சும்மா கிடக்கிறது, நீங்கள் அடங்கிப்போய்விட்டீர்கள், தெய்வத்துக்குக் கொடுக்கவேண்டிய கடனைக் கொடுக்கவில்லை என்று திட்டுகிறாள். உடனே அவர்கள் செய்வது என்ன? வெளியூரிலிருந்து பூசாரியைக் கூட்டி வரவில்லை. தங்கள் குடியிலேயே பிறந்த ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொற்றவை வேஷம் போடுகிறார்கள். அவளைக் கும்பிடுகிறார்கள். அந்தக் காதையைப் பல தடவை படித்திருக்கிறேன், மாமாவோடு பேசிய பிறகு படித்தது முதல் தடவை மாதிரி இருந்தது. தங்களில் ஒருத்தியைப் பார்த்து, நாங்கள் பட்ட கடன் இவ்வளவு என்று அவர்கள் சேர்ந்து சொல்கிறார்கள். சாமி வந்ததா வரவில்லையா என்பதைவிட, கடனை எல்லோருமாக ஒப்புக்கொண்டது அங்கே பெரிய விஷயம். கொலையும் சாவும் தொழிலாக இருக்கிறவனுக்கு அந்தக் கணக்கைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். தனியாகச் சொன்னால் பைத்தியம் பிடிக்கும்.

இளங்கோவுக்குப் பிறகு அந்த இடத்தில் நின்று எழுதியவர் யார்? நம் ஊர்களில் தெருவுக்கு ஒரு எக்ஸ் சர்வீஸ்மேன் இருக்கிறார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தால் இரண்டு பேரையாவது பார்க்கலாம். அவர்களைப் பற்றிய நம்முடைய கதைகள் பெரும்பாலும் ரம் பாட்டில், கேன்டீன் கார்டு, மீசை என்ற அளவில் நிற்கின்றன. நகைச்சுவைப் பாத்திரம், இல்லாவிட்டால் கொடி போர்த்திய பெட்டி. நான் எழுதிய ஒரு கதையிலும் அப்படி ஒருவர் வருகிறார். இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது.

*

உட்கார்ந்திருந்த இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரஞ்சன்குடிக் கோட்டை 17ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாபின்கீழ் இருந்த ஒரு ஜாகீர்தார் கட்டியது. வெட்டிய கல்லால் அடுக்கடுக்காக மூன்று சுற்று மதில், அரைவட்டக் கொத்தளங்கள், வெளியே அகழி. மேல்தளத்தில் காவலர்களுக்கும் ஆயுதங்களுக்குமான அறைகள். பக்கத்து வாலிகண்டபுரத்தின் பெயரால் சொல்லப்படும் 1751 சண்டை நடந்த இடம். பிரெஞ்சுக்காரர்களோடு சந்தா சாகிப் ஒரு பக்கம், ஆங்கிலேயர்களோடு முகமது அலி மறு பக்கம். கம்பெனிப் படை தோற்று, ஒழுங்கு குலைந்து திருச்சிக்கு ஓடியது. ஓடியவர்களில் இளைஞன் கிளைவும் உண்டு. அவன் ஆற்காட்டில் பேர் வாங்கியது அதற்கு அப்புறம்.

அந்தப் படையில் ஐரோப்பியர்கள், உள்ளூர்ச் சிப்பாய்கள், நவாபின் குதிரைக்காரர்கள் எல்லாரும் கலந்திருந்தார்கள். சண்டைக்கு முந்தைய ராத்திரி இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை விதமாகக் கும்பிட்டிருப்பார்கள்! வரலாற்றுப் புத்தகங்களில் யார் எந்தப் பக்கம் பீரங்கியைத் திருப்பினார்கள் என்பது வரை இருக்கிறது, அது இல்லை.

அந்தப் படை ஓடிப்போய்ச் சேர்ந்த திருச்சியில்தான் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. தரங்கம்பாடிக்கு 1750இல் வந்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ், 1762 வாக்கில் திருச்சிக்குப் போனார். கோட்டையில் ஆங்கிலப் படை இருந்தது, பாதிரியார் இல்லை. யாரும் சொல்லாமல் அவரே அந்தச் சிப்பாய்களுக்கு ஆராதனை நடத்த ஆரம்பித்தார். ஆங்கிலம் சரியாக வராத காலத்தில் அச்சில் வந்த பிரசங்கங்களை எடுத்து வாசித்தார். 1766இல் கோட்டைக்குள் கிறிஸ்து ஆலயம் எழுந்தது. பிறகுதான் கம்பெனி அவரைப் படையின் குருவாக ஏற்று வருஷத்துக்கு 100 பவுண்டு சம்பளம் கொடுத்தது. வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிப்பாய்கள் பலர் செத்தபோது, அவர்களின் அநாதைப் பிள்ளைகளுக்காகக் காசு திரட்டிப் பள்ளிக்கூடம் நடத்தினார்.

சுவார்ட்ஸின் மதமாற்ற வேலை பற்றியும் கம்பெனியோடு அவருக்கிருந்த நெருக்கம் பற்றியும் எனக்கு விமர்சனம் உண்டு, அது வேறு கட்டுரை. இங்கே என்னை நிறுத்தியது ஒரு காட்சி. மொழி தெரியாத ஒருவர் இரவல் பிரசங்கத்தைத் திக்கித் திக்கி வாசிக்கிறார். எதிரே கூலிக்கு வந்த, குடித்துச் சீரழிந்த, ஊர் திரும்பும் வாய்ப்புக் குறைந்த சிப்பாய்கள். அவர்கள் ஏன் திரும்பத் திரும்ப வந்தார்கள்? பிரசங்கத்தின் தரத்துக்காக என்று நம்ப முடியவில்லை. தாங்கள் செத்தால் பிள்ளையை எடுத்து வளர்க்கிற ஆள் இவர் என்று பிற்பாடு தெரிந்துபோனது. மாமாவின் இந்தி பஜனையும் பாதி புரியாதுதான்.

இதற்கு நேர் எதிரான பாடமும் நம்மிடமே இருக்கிறது. வேலூர், 1806. நெற்றியில் சாதி, மதக் குறி வைக்கக் கூடாது, தாடியை மழி, புதுத் தலைப்பாகை போடு என்று மதராஸ் ராணுவத் தலைமை உத்தரவிட்டது. போட்டவர்கள் அதைச் சீருடை விஷயமாகவே பார்த்தார்கள். சிப்பாய்க்கு அது அவன் உடம்பில் மிச்சமிருந்த ஊர். ஜூலை 10 அன்று கோட்டையில் நடந்ததற்குத் திப்புவின் மகன்கள் அங்கே இருந்தது உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டி வந்தது.

*

மாமாவிடம் நான் ரொம்ப உற்சாகமாகச் சொன்ன கதை வேறு. சிங்கப்பூரில் நேதாஜியைச் செட்டியார் கோயிலுக்கு அழைக்கிறார்கள். என் ஆட்கள் எல்லாரும் வரலாம் என்றால் வருகிறேன், எந்தச் சாதியானாலும், எந்த மதமானாலும் என்கிறார். கோயில்காரர்கள் தயங்கிப் பிறகு ஒப்புக்கொள்கிறார்கள். அபித் ஹசனும் முகமது ஜமான் கியானியும் இருபக்கமும் நடக்க உள்ளே போகிறார். ஐ.என்.ஏ. சீருடைகளும் தமிழ் முஸ்லிம்களின் கறுப்புத் தொப்பிகளுமாகக் கோயில் நிறைகிறது. நெற்றியில் இட்ட திலகத்தை வெளியே வந்ததும் போஸ் துடைத்துவிட்டார், நானும் துடைத்தேன் என்று அபித் ஹசன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

“பாத்தீங்களா, அங்க கோயிலத் தொறக்க வச்சாங்க. இங்க மனுசன உள்ள தள்ளுனாங்க” என்று முடித்தேன். நல்ல வசனம் என்று எனக்கே தோன்றியது. மாமா, “அங்க போனது ஒருநாள். எங்களுக்கு அது வாராவாரம்” என்றார். அவ்வளவுதான். என் வசனம் கீழே விழுந்துவிட்டது.

அவர் சொல்ல வந்தது இது. சிப்பாய் தன் அதிகாரியை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். தன்னோடு சாப்பிடுகிறாரா, தன் பிரசாதத்தை வாயில் போடுகிறாரா அல்லது பாக்கெட்டில் போடுகிறாரா என்று பார்க்கிறான். நாளைக்கு இவர் “போ” என்றால் போய்ச் சாகவேண்டும். அந்த ஆள் தன்னிலிருந்து ஓர் அடி தள்ளி நிற்கிறார் என்று தோன்றிவிட்டால் அது மதப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. மாமாவின் காலத்தில் ஒரு முஸ்லிம் அதிகாரி தேங்காய் உடைத்ததையும், ரம்ஜானுக்கு எல்லோரும் அவரோடு நோன்பு திறக்க உட்கார்ந்ததையும் இப்போதும் பெருமையாகச் சொல்கிறார். ராணுவம் நீதிமன்றத்தில் சொன்ன வாதத்தின் மனிதப் பக்கம் இது. என் பதிவில் இது இல்லை.

ஆனால் இதே வாதம் உலகத்தில் வேறு இடத்திலும் வந்து தோற்றிருக்கிறது. அமெரிக்காவில் வெஸ்ட் பாயின்ட், அனாபொலிஸ், விமானப்படை அகாடமி மூன்றிலும் ஞாயிறு ஆராதனை கட்டாயமாக இருந்தது. மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். அரசு தரப்பு சொன்னது என்ன தெரியுமா? இது பக்திக்காக அல்ல, நாளைக்கு அதிகாரியாகப் போகிறவர்கள் தங்கள் வீரர்களின் மத உணர்வைப் புரிந்துகொள்வதற்கான பயிற்சி என்றது. கிட்டத்தட்ட நம்முடைய அதே வாதம். 1972இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கட்டாயம் ஒழிந்தது. பிரிட்டிஷ் ராணுவம் கட்டாயச் சர்ச் பரேடை 1946லேயே கைவிட்டது. நமக்கு இந்தப் பரேடுப் பழக்கத்தைக் கொடுத்தவர்கள் அதை விட்டு எண்பது வருஷம் ஆகப்போகிறது. அதனால் அவர்கள் படை சிதறிப்போனதாகத் தெரியவில்லை.

டெல்லி தீர்ப்பில் எனக்குள்ள பிரச்சினை அது ராணுவத்தின் பக்கம் நின்றது என்பதல்ல. ராணுவத்துக்கு ஒழுக்கம் வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. வழிபாடு படைவீரனுக்கு ரொம்ப முக்கியம், அதனால் அதிகாரி அங்கே இருந்தாக வேண்டும் என்று ஆரம்பித்து, உத்தரவு உத்தரவுதான் என்று முடிக்கிறார்கள். வழிபாடு முக்கியம் என்றால் அது வெறும் உத்தரவாக இருக்க முடியாது. வெறும் உத்தரவு என்றால் அதற்கு ஊதுவத்தி எதற்கு? இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

இப்படி நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் மாமா அந்தச் சாவைப் பற்றிச் சொன்னார். அதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

*

வடக்கே ஓர் உயரமான போஸ்ட். எந்த இடம், எந்த வருஷம் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கன்னியாகுமரிப் பக்கத்துப் பையன் ஒருவன், கிறிஸ்தவன், மூச்சுத் திணறி இறந்துபோனான். சண்டை இல்லை, குளிர். பனியால் இரண்டு நாள் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. பாதிரியார் கீழே, வேறு யூனிட்டில். இருந்தது உத்தரப்பிரதேசத்துப் பண்டிட் ஒருவர். பையனின் பையில் சின்னத் தமிழ் பைபிள் இருந்தது. பண்டிட்டுக்குத் தமிழ் தெரியாது. கம்பெனி கமாண்டர் மாமாவைக் கூப்பிட்டு, நீ தமிழ் படிப்பாய்தானே, படி என்றார்.

“எனக்கு எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல மாப்ள. கையெல்லாம் வெறச்சுப் போச்சு. ஒரு பக்கத்துல ரிப்பன் கெடந்துச்சு. சரி, அவன் கடைசியா படிச்சது இதாத்தான் இருக்கும்னு அதையே படிச்சேன். பண்டிட்ஜி பக்கத்துல நின்னுக்கிட்டு, நான் நிறுத்தற எடத்துலல்லாம் தலைய ஆட்டுனாரு. அவருக்கு ஒரு எழவும் புரியல. சுத்தி நின்னவனுங்கள்ல பாதிப் பேரு தெலுங்கு, மலையாளம். எவனும் அசையல. என் வாழ்க்கையில நான் கும்பிட்டேன்னா அன்னிக்குத்தான் கும்பிட்டேன்.”

நான் உடனே பாய்ந்தேன். “அப்ப அதுவும் ஆர்டர்தானே மாமா? உங்க மதம் இல்லாத ஒண்ண உங்களப் படிக்கச் சொல்லி ஆர்டர் போட்டுருக்காங்க.”

“ஆர்டர்தான்.”

“அப்ப அந்த லெப்டினன்டுக்குப் போட்டதும் அதே மாதிரிதானே?”

ரொம்ப நேரம் பேசவில்லை. கீழே மங்களமேடு பக்கம் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு, “என்னைய படிக்கச் சொன்னாரு. சிலுவை போடச் சொல்லல. நான் போடவும் இல்ல. போடலன்னு எவனும் பாக்கவும் இல்ல” என்றார்.

இதற்கு மேல் என்னிடம் தத்துவம் கிடையாது. அந்த உத்தரவு செத்தவனுக்காகப் போடப்பட்டது. அது மாமாவின் குரலைக் கேட்டது, நெற்றியைக் கேட்கவில்லை. கமலேசன் முற்றத்தில் நின்றார் என்பதும், மாமா சிலுவை போடாமல் பைபிள் படித்தார் என்பதும் எனக்கு ஒரே இடத்தில் நிற்பதாகத்தான் தெரிகிறது. ஒருவருக்கு அந்த இடம் கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. அந்த ஸ்குவாட்ரனின் சீக்கிய வீரர்கள் அவர் முற்றத்தில் நின்றதை எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் இந்த வழக்கில் எனக்கு வேண்டிய சாட்சியம். தள்ளி நிற்கிறார் என்று நினைத்தார்களா, தன் சாமியை விடாதவர் நம்மையும் விடமாட்டார் என்று நினைத்தார்களா? நல்ல நாவலாசிரியர் ஒருவர் அந்த முற்றத்திலிருந்து ஆரம்பிக்கலாம். எயினர்களுக்கு இளங்கோ செய்ததை இவர்களுக்குச் செய்ய ஆள் வேண்டும்.

வெயில் ஏறிவிட்டது. இறங்கும் வழியில் காவலர் அறை ஒன்றின் வாசலில் மாமா நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். வௌவால் வாடை. யாரோ சுவரில் இதயம் வரைந்து பெயர் கிறுக்கியிருந்தார்கள். கீழே வந்து பைக்கை எடுக்கும்போது, செல்லில் தீர்ப்புச் செய்தியைத் திரும்பவும் முழுசாகப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

“பென்ஷன் உண்டா அந்தப் பையனுக்கு?”

“இல்ல மாமா. கிராஜுவிட்டியும் இல்ல.”

“அதுவுமா இல்ல?” என்றார். பைக்கை ஸ்டார்ட் பண்ணாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.